செவ்வந்தியின் வலது கை

செவ்வந்தியின் வலது கையைப் பற்றி ஊரில் இரண்டு அபிப்பிராயம் உண்டு. கரும்பு வெட்டக் கூப்பிடும் மேஸ்திரி, அந்தக் கைக்கு வேகம் ஜாஸ்தி என்பார். அவள் புருஷன் பழனி, அந்தக் கை யோசிக்காது, நேராகக் காரியத்தில் இறங்கிவிடும் என்பான். இரண்டுமே உண்மைதான். ஆனால் அந்தக் கையே ஒரு நாள் தன் காலை வாரிவிடும் என்று செவ்வந்தி கனவிலும் நினைத்ததில்லை.

கச்சிராயபாளையம் தாண்டி, மலைக்கு ஏறும் சாலைக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஊர் அவளுடையது. வெட்டு இல்லாத நாளில் மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போய்விடுவாள். கழி நுனியில் தங்கூசி நரம்பு, நரம்பு நுனியில் முள், முள்ளில் ஒரு தவளைக்குஞ்சு. ஆகாயத்தாமரை மண்டிய ஓரத்தில் அந்தத் தவளையைத் தட்டித் தட்டி ஆட்டினால், கீழே பதுங்கியிருக்கும் விரால் பொறுக்க முடியாமல் பாயும். அன்றைக்கு வீட்டில் குழம்பு. குழம்புக்காக மட்டும் அவள் போனாள் என்று சொன்னால் அது பாதி பொய். மேஸ்திரியும் இல்லை, மாமியாரும் இல்லை, இதைச் செய் அதைச் செய் என்று சொல்ல ஒரு ஆள் இல்லாத இடம் அவளுக்கு உலகத்தில் அந்த ஏரிக்கரை ஒன்றுதான்.

போன வருஷம் ஊரில் இளவரசன் என்பவர் ஏரி மீனைக் குத்தகைக்கு எடுத்தார். நிலம் நீச்சு உள்ளவர், குரலை உயர்த்தாமலே ஆளை விரட்டத் தெரிந்தவர். வலைக்காரர்களைத் தவிர வேறு யாரும் ஏரியில் கை வைக்கக் கூடாது என்று தண்டோரா போடாத குறையாகச் சொல்லிவிட்டார். காவலுக்கு ஆளும் போட்டார். அந்த ஆள் செவ்வந்தியின் கழியை இரண்டு தடவை பிடுங்கி முறித்தான். மூன்றாவது கழியை அவள் எரவாணத்தில் செருகிவைத்துவிட்டு, அண்ணாந்து பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

இந்த நேரத்தில்தான் கள்ளக்குறிச்சியிலிருந்து, பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடும் இளைஞர்கள் சிலர் வந்து, உங்கள் ஏரியில் விரால் போட்டி நடத்தலாமா என்று இளவரசனைக் கேட்டார்கள். பெரிய மனுஷனாகத் தெரிய அது ஒரு வாய்ப்பு. சரி என்றார். கரையில் பந்தல் போடுவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, கூட்டத்துக்குப் பின்னால் நின்ற செவ்வந்தி வாயைத் திறந்தாள்.

“அண்ணே, நானும் கலந்துக்கறேன்.”

“நீயா? இன்னா செவ்வந்தி, இது கொழம்பு வெக்கிற போட்டி இல்ல.”

“தெரியும்ண்ணே. நான் ஜெயிச்சா இந்த வருசம் பூரா ஏரியில நான் தூண்டில் போடுவேன். யாரும் தடுக்கக் கூடாது.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இளவரசனும் சிரித்தார்.

“தோத்தா?”

“தோத்தா கழிய நானே ஒடச்சிப் போட்டுட்டுப் போறேன். இந்தப் பக்கம் தலவெச்சிப் படுக்க மாட்டேன்.”

“சரி. நாலு பேரு முன்னால சொல்றேன், வாக்கு மாற மாட்டேன்.”

பேசிவிட்டு நேராக வீட்டுக்கு வந்தாள். “இன்னாத்துக்கு இந்த வீம்பு?” என்றான் பழனி. அவள் எரவாணத்திலிருந்து கழியை உருவி எடுத்தாள்.

நடுவராக வந்தவர் வெங்கடேசன், ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். விசில் இல்லாமல் அவருக்குப் பேசவே வராது. போட்டியன்று விடிந்ததும் விதிகளைச் சொன்னார். எத்தனை மீன் பிடித்தாலும் ஒருவருக்கு ஒரே ஒரு மீன்தான் கணக்கு, இருப்பதில் நீளமானது. அதை உயிரோடு தொட்டியில் போட்டுப் பந்தலுக்குக் கொண்டுவர வேண்டும். பலகையில் வைத்து அளந்ததும் ஏரியில் விட வேண்டும். அது தானாக நீந்திப் போனால்தான் செல்லும். செத்த மீன் செல்லாது. சாகடித்தவர் ஒரு மணி நேரம் தூண்டிலைத் தொடக் கூடாது. உச்சிப் பொழுதில் கடைசி விசில்.

செவ்வந்தி தலையாட்டிக்கொண்டே கேட்டாள். காது கேட்டது, மனசுக்கும் புரிந்தது. கைக்கு யாரும் சொல்லவில்லை.

முதல் விசில் ஊதிக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அவள் தவளையை ஒரு விரால் கவ்வியது. சின்னது இல்லை. கழி வில்லாக வளைந்தது. அவள் இடுப்பைக் கொடுத்து இழுத்துக் கரையில் எறிந்தாள். விரால் வழவழவென்று துள்ளித் தண்ணீரை நோக்கிப் போனது. விட்டால் போயிற்று. இந்த ஊரில் விராலைப் பிடித்த யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் செய்வது ஒன்றுதான். அவள் செவுளில் விரலைக் கொடுத்துத் தூக்கினாள். பக்கத்தில் இருந்த கல்லில் அதன் தலையை ஓங்கி ஒரு அடி அடித்தாள். மீன் அடங்கிவிட்டது.

அடித்த பிறகுதான் அவளுக்குப் போட்டி விதி ஞாபகம் வந்தது. கையில் மீன் தொங்கியது. கரையெல்லாம் அவளையே பார்த்தது. வெங்கடேசன் விசிலை ஊதினார்.

“ஏம்மா, அவ்ளோ சொன்னனே!”

செல்லாது என்றாலும், எவ்வளவு நீளம் என்று பார்க்கும் ஆசைக்காக அளந்தார்கள். அன்று முழுக்க யாரும் அதைவிடப் பெரிய மீனைப் பிடிக்கவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடலாம். பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த இளவரசன், “மீன் குத்தகைக்காரனுக்குச் சேரும், அத இப்படிக் குடு” என்று வாங்கி ஆளிடம் கொடுத்துவிட்டார். செவ்வந்திக்குத் தன் கையை அதே கல்லில் வைத்து நசுக்கலாம் போல இருந்தது.

ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பது கரும்பு வெட்டுவதைவிடக் கடினம் என்று அன்றைக்கு அவளுக்குத் தெரிந்தது. கண்ணெதிரே மற்றவர்கள் வீசிக்கொண்டிருந்தார்கள். கள்ளக்குறிச்சியில் செல்போன் கடை வைத்திருக்கும் பிரவீன்குமார் ரப்பர் தவளையை எறிந்து, கழியில் இருந்த நரம்பு ராட்டினத்தைச் சுற்றிச் சுற்றி இழுத்தான். அலட்டிக்கொள்ளாத பையன். நல்ல நீளத்தில் ஒரு விரால் எடுத்தான். பூப்போலத் தொட்டியில் வைத்துக் கொண்டுபோய், அளந்து, ஏரியில் விட்டான். அது வாலை அடித்துப் போயிற்று. ஐம்பத்தி மூன்று சென்டிமீட்டர் என்று மைக்கில் அறிவித்தார்கள். கரை கைதட்டியது.

பழனி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். “போதும், வூட்டுக்குப் போலாம் வா” என்றான்.

“கழிய ஒடைக்காம எப்பிடிப் போறது? சொல்லிட்டனே.”

அவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். பிறகு அந்தக் கல்லைத் தூக்கி மேட்டுக்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டு வந்தான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. கல் இல்லாவிட்டால் தரை இல்லையா? அவன் தோளில் கிடந்த துண்டை வாங்கித் தண்ணீரில் நனைத்தாள். மீனை வெறுங்கையால் தொட்டால்தானே கைக்குப் பழைய ஞாபகம் வரும்? துண்டால் பிடித்தால் அது வேறு வேலை என்று கைக்குத் தெரியும். அப்படியாவது தெரியட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

தண்டனை முடிந்து மறுபடி தண்ணீரில் இறங்கியபோது வெயில் ஏறிவிட்டது. விரால்கள் செடிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டன. முழங்கால் அளவு சேற்றில் நின்று கழியை நீட்டிப் பிடித்துத் தட்டிக்கொண்டே இருந்தாள். மூன்று மாதமாகக் கரும்பு வெட்டிய வலது தோள் ஏற்கெனவே புண்ணாக இருந்தது. இப்போது கழுத்திலிருந்து விரல் வரை ஒரு கம்பியைச் சூடு பண்ணிச் செருகினது மாதிரி எரிந்தது. கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. கண்ணுக்குள் வேர்வை இறங்கியது. துடைக்கப் போனால் அந்த நொடியில் மீன் கடித்துவிடுமோ என்று பயந்து துடைக்காமல் நின்றாள்.

உடம்பு வலியையாவது பொறுத்துக்கொள்ளலாம். மனசு சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு முறை தண்ணீர் சலசலக்கும்போதும் அது மறுபடி அடிப்பியா, மறுபடி அடிப்பியா என்று கேட்டது. சாதாரண நாளில் அவள் தவளையை ஆட்டும்போது எதையும் நினைப்பதே இல்லை. இன்றைக்கு நினைத்துக்கொண்டே ஆட்டியதால் ஆட்டம் கோணியது. ஒரு விரால் வந்து முகர்ந்துவிட்டுப் போய்விட்டது. இன்னொன்று கவ்வியது. அவள் பதறி முன்னாலேயே இழுத்துவிட்டாள், வெறும் முள்தான் வந்தது. மைக்கில் இன்னும் அரை மணி நேரம்தான் இருக்கிறது என்றார்கள். இளவரசன் நாற்காலியை அவள் நிற்கும் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

“செவ்வந்தி, கழிய ஒடைக்க ஆள் வேணுமா? நம்ம ஆள அனுப்பட்டா?”

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. அந்தக் கோபம்தான் நல்லது செய்தது. கையை மறந்துவிட்டாள். இருக்கிற ஆத்திரத்தையெல்லாம் அடக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு, கோரைக்கும் ஆகாயத்தாமரைக்கும் நடுவே இருந்த சின்ன இடைவெளியில் தவளையை இறக்கினாள். ஒரு தட்டு. இரண்டு தட்டு. அப்புறம் அசைக்காமல் விட்டாள்.

தண்ணீர் வெடித்தது.

இந்த முறை பொறுத்தாள். விரால் தவளையை முழுங்கித் திரும்பும் வரை பொறுத்து, பிறகு சுண்டினாள். முள் இறங்கியது. மீன் செடியின் வேருக்குள் நுழையப் பார்த்தது. நுழைந்துவிட்டால் நரம்பு சிக்கி அறுந்துவிடும். அவள் கழியில் ராட்டினம் இல்லை, நரம்பை விட்டுப் பிடிக்க வழியில்லை. இருப்பது அவள் உடம்பு ஒன்றுதான். பின்பக்கமாகவே ஒவ்வோர் அடியாகக் கரையேறினாள். தோளில் ஏதோ நறுக்கென்றது. வலது கையில் பிடி நழுவியது. கழியை இடுப்புக்கும் முழங்கைக்கும் நடுவே இறுக்கிக்கொண்டு, சேற்றில் வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே இழுத்தாள். விரால் கரையில் விழுந்து துள்ளியது.

துண்டு இருந்த இடம் தெரியவில்லை. எடுக்க நேரமும் இல்லை. பாய்ந்து வெறுங்கையால் பிடித்தாள். செவுளில் விரல் போனது. கை தலைக்குமேல் உயர்ந்தது.

“செவ்வந்தீ!” என்று பழனி கத்தினான்.

கை மேலேயே நின்றது. மீன் அதில் துடித்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் நின்றது என்று அவளைக் கேட்டால் ஒரு யுகம் என்பாள். அது மெல்லக் கீழே இறங்கி, மீனைத் தொட்டித் தண்ணீருக்குள் வைத்தது. பழனி தொட்டியைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்கு ஓடினான்.

பலகையில் வைத்தார்கள். வெங்கடேசன் குனிந்து பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். ஐம்பத்தி நாலு. யாரும் கைதட்டவில்லை, ஏனென்றால் இன்னும் விடுவது பாக்கி இருந்தது. செவ்வந்தி மீனை ஏரியில் விட்டாள். அது பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது.

“செத்துடுச்சி” என்றார் இளவரசன், நாற்காலியை விட்டு எழுந்து.

அவள் தண்ணீருக்குள் கையைக் கொடுத்து, அதன் வயிற்றைத் தாங்கி நிமிர்த்திப் பிடித்தாள். கரும்பும் மீனும் வெட்டிப் பழகிய கை அது. பிள்ளையைக் குளிப்பாட்டும்போதுகூட அவ்வளவு மெதுவாகப் பிடித்திருக்காது. போயிடு, என் சாமி, போயிடு என்று வாய்க்குள் சொன்னாள். வெங்கடேசன் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் நின்றார். விரால் மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கியது. செவுள் அசைந்தது. வாலால் அவள் முகத்தில் தண்ணீரை ஓங்கி அறைந்துவிட்டு, செடிக்குள் போய் மறைந்தது.

கரை அப்போதுதான் கத்தியது. பிரவீன்குமார் வந்து, “சூப்பர்க்கா” என்று கையைக் குலுக்க, அவள் வலியில் “ஐயோ” என்றாள். கடைசி விசில் வரை அதை மிஞ்ச இன்னொரு மீன் வரவில்லை. கோப்பையைக் கொடுத்தார்கள், பழனி வாங்கிக்கொண்டான். இளவரசன் முகம் சுண்டிப்போயிருந்தது. ஆனாலும் நாலு பேர் முன்னால் சொன்ன வார்த்தை.

“சரி, போட்டுக்க. வருசம் பூரா” என்றார்.

“இன்னையிலிருந்தாண்ணே?”

“இன்னைக்கே வேணும்னாலும் போடு. இன்னா இப்போ?”

பந்தலைப் பிரித்து, வண்டிகள் எல்லாம் கிளம்பிப் போய்விட்டன. மலைப் பக்கம் வெயில் சாய்ந்தது. வலது தோளில் எண்ணெய் தேய்த்துத் துணி சுற்றியிருந்தாள். இடது கையால் கழியைப் பிடித்து, பழைய இடத்தில் நின்று தவளையைத் தட்டினாள். காவல்காரன் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். மனசில் ஒன்றுமே ஓடவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது அதுதான்.

இருட்டுவதற்குள் ஒன்று கவ்வியது. நடுத்தரமான விரால், வீட்டுக்குக் குழம்பு வைக்கப் போதும். கரையில் எறிந்ததும் அது துள்ளித் தண்ணீருக்குத் திரும்பியது. மேட்டுக்கு அந்தப் பக்கம் கிடந்த கல்லைப் பழனியே தூக்கிவந்து பழைய இடத்தில் போட்டு வைத்திருந்தான். செவ்வந்தி வலியைப் பார்க்காமல் வலது கையால் மீனைத் தூக்கி, அந்தக் கல்லில் ஒரே அடி அடித்தாள்.

அடித்துவிட்டு, பழக்கமே இல்லாத பயத்தோடு பந்தல் இருந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். விசில் எதுவும் கேட்கவில்லை.