கப்பலேறியது யார்?

என்னை ஒருவருக்குத் தங்கையாக்கிவிடப் பார்த்தார்கள். அதுவும் நான் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டவருக்கு.

ராமநாதபுரத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் நான் ஆல்பம் போடுவேன், அவர் வீடியோ எடுப்பார். மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் பிறந்து வளர்ந்தவர். எங்கள் ஊரான சிக்கலுக்குப் பெண் கேட்டு வந்த அன்று, வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "எங்கட பூட்டன் இந்த வீட்டில இருந்துதான் இலங்கைக்குப் போனவராம்" என்றார். ஒட்டுதலாக இருக்கும் என்று நினைத்திருக்கிறார், பாவம்.

எங்கள் வீட்டிலிருந்து யாரோ ஒருவர் கப்பலேறிய கதை எல்லோருக்கும் தெரியும். பெரியப்பாவின் தாத்தாவோடு பிறந்த தம்பி என்று பேச்சு.

"அப்ப நீங்க நமக்குப் பங்காளியாச்சே தம்பி! இவ ஒங்களுக்குத் தங்கச்சி முறை. காபியக் குடிச்சிட்டுப் போயிட்டு வாங்க" என்றார் பெரியப்பா. என்னைப் பெற்ற அய்யா தன் அண்ணன் பேச்சைத் தட்டாதவர். அன்றிலிருந்து பெரியப்பா அவரை "ஒங்கண்ணன்" என்றே என்னிடம் சொன்னார். வேண்டுமென்றேதான்.

பரம்பரை தேடும் இணையதளங்களில் பழைய பதிவுகளையெல்லாம் ஏற்றியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத் தேட உட்கார்ந்தேன். குடும்பப் பெயர் கேட்டது. நமக்கு ஏது அது? அவருடைய தாத்தாவைப் பெற்ற பூட்டன் பெயரைப் போட்டு, அப்பா என்ற இடத்தில் பெரியப்பாவின் தாத்தாவைப் பெற்றவர் பெயரைப் போட்டேன். யார் யாரோ வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். எப்படி மாற்றிப் போட்டாலும் நம்மாள் வரவில்லை. போனில் சொன்னதும் அவர் சோர்ந்துபோய், "விடுங்க, வேற என்ன செய்ய" என்றார்.

"நீங்க வேணா அண்ணனா இருந்துக்கங்க. என்னால தங்கச்சியா இருக்க முடியாது" என்று போனை வைத்தேன்.

ஒரு மத்தியானம் எரிச்சலில் பூட்டன் பெயரை அழித்துவிட்டு, அப்பா இடத்தில் போட்ட எங்கள் முன்னோர் பெயரையும் ஊரையும் மட்டும் கொடுத்துத் தேடினேன். மன்னார்ப் பக்கத்துப் பிறப்புப் பதிவு ஒன்று வந்தது. பிறந்த குழந்தை அவருடைய தாத்தா. தகப்பன் அதே பூட்டன்தான், ஆனால் அவரைப் பெற்றவர் வேறு யாரோ, வேறு ஊர். எங்கள் முன்னோர் பெயர் கீழே தாயின் பக்கத்தில் இருந்தது. சிக்கல் இன்னாருடைய மகள்.

மகள்! கப்பலேறிய எங்கள் வீட்டு ஆள் ஒரு பெண். பூட்டன் இங்கே வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்திருக்க வேண்டும், அந்தப் புருஷனோடு போயிருக்கிறாள். போனதை நினைவில் வைத்தவர்கள் போனவளை மறந்துவிட்டு, இத்தனை தலைமுறையாக அவளுக்கு மீசை வைத்துப் பேசியிருக்கிறார்கள். அண்ணன் வழியில் நான், தங்கை வழியில் அவர். பங்காளியாவது ஒன்றாவது, அத்தை மகன் முறை! ஸ்டூடியோவில் ஆள் இருப்பதையும் பாராமல் கத்திவிட்டேன்.

பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் போனை வாங்கிப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். அந்தப் பெண்ணின் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொன்னார். அந்தப் பெயரை எங்கள் வீட்டில் அன்றுதான் கேட்டேன். அடுத்து என்ன நொட்டை சொல்வாரோ என்று மல்லுக்குத் தயாராகத்தான் நின்றேன். அவரோ அய்யாவைப் பார்த்து ஒரு சத்தம் போட்டார்.

"ஏலே, என்ன முழிச்சுக்கிட்டு நிக்கிற? நம்ம வீட்டுப் பொண்ணு வாக்கப்பட்ட வீடுலே அது! அங்கன இன்னொரு பொண்ணு குடுக்க யாரக் கேக்கணும்? மாப்பிள்ளைக்குப் போனப் போடு!"

அந்தப் போனை நான்தான் போட்டேன்.