ரெண்டு வாட்டி அடிச்சா

பொன்னம்மாளுக்கு மார்பிலிருந்த கட்டியை அறுத்து எடுத்த பிறகு, மருந்து ஏற்றிக்கொள்ள மூன்று வாரத்துக்கு ஒருமுறை புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். அது 2005. மரக்காணம் உப்பளத்தில் வெயிலில் உப்பு சுமந்த உடம்பு. நோவென்று வாய்விட்டுச் சொல்லிப் பழக்கமில்லை. முதல் மருந்துக்குப் பிறகு வாயெல்லாம் புண்ணாகி, கஞ்சித் தண்ணீர்கூட இறங்காமல் கிடந்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. அடுத்த முறை அவளைப் பார்த்த நர்ஸ் ஆண்டாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏம்மா, இவ்ளோ ஆகற வரைக்கும் சும்மாவா இருந்தீங்க? வீட்ல போன் இருக்குதா?"

புருஷன் சுப்ராயன் சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்துக் காட்டினான். உப்பு லாரிக்கு ஆள் சேர்த்துவிடுகிற வேலைக்காக வாங்கியது.

"தினமும் காலைல எனக்கு மிஸ்டு கால் குடுங்க. ஒரு வாட்டி அடிச்சா நல்லா இருக்கீங்கன்னு வெச்சுக்கறேன். ரெண்டு வாட்டி அடிச்சா நானே கூப்புடுறேன். ஜுரம் வந்தா மட்டும் வெச்சிக்கிட்டு இருக்கவே கூடாது. இந்த மருந்துக்கு உடம்புல எதிர்ப்பு சக்தி கொறஞ்சிடும்."

அன்றிலிருந்து தினமும் அடித்தார்கள். வாந்தி நிற்காத நாளில் இரண்டு வாட்டி. ஆண்டாள் கூப்பிட்டு எந்த மாத்திரை, எப்போது என்று சொல்லுவாள். பொன்னம்மாளுக்கு அந்தக் குரலே பாதி மருந்து.

மூன்றாவது மருந்து ஏற்றிய மறுவாரம் பெருமுக்கல்லில் அவள் தம்பி வெற்றிச்செல்வனுக்குக் கல்யாணம். ஒரே அக்கா, தாலியில் நாத்தனார் முடிச்சு அவள்தான் போட வேண்டும். கல்யாணத்தன்று விடிந்ததும் ஜுரத்தில் உடம்பு நடுங்கியது. சுப்ராயன் குளிக்கப் போயிருந்தான். போனை எடுத்து ஒரு வாட்டி மட்டும் அடித்துவிட்டு வைத்துவிட்டாள்.

முடி கொட்டிய தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு மணவறையில் நின்றாள். முடிச்சும் போட்டாள். அவளைக் கைப்பிடித்து இறக்கிய சுப்ராயன் திடுக்கிட்டான்.

"என்னாடி, கை இப்படிக் கொதிக்குது?"

"சத்தம் போடாதீங்க. சாப்பாட்டுப் பந்தி முடியட்டும்."

அவன் கேட்கவில்லை. வாசலுக்குப் போய் இரண்டு வாட்டி அடித்தான். உடனே போன் வந்தது.

"காலைல ஒண்ணுதானே அடிச்சீங்க?"

பொன்னம்மாள் போனை வாங்கிக்கொண்டாள். "பொய் சொல்லிட்டேன் சிஸ்டர். தம்பி கல்யாணம். நாத்தனார் முடிச்சு நான்தான் போடணும்."

"முடிச்சு போட்டாச்சில்ல? இப்பவே கெளம்புங்க. நான் டாக்டர் கிட்ட சொல்லி வெக்கிறேன்."

மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் பேசியிருந்த காரிலேயே கிளியனூர் வழியாகப் புதுச்சேரிக்குப் போனார்கள். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தன. தனி அறையில் வைத்து ஊசி போட்டார்கள். "சாயங்காலம் வரைக்கும் விட்டிருந்தா கஷ்டம்" என்றார் டாக்டர். சுப்ராயன் வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தான். வெற்றிச்செல்வன் புதுப்பெண்ணோடு வந்து கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கும்பிட்டான்.

பிழைத்துக்கொண்டாள். மிச்ச மருந்தையும் ஏற்றி முடித்தாள். அடுத்த வருஷம் பரிசோதனைக்குப் போனபோது, மருந்துக்குப் பயந்து உட்கார்ந்திருந்த ஒரு கிளியனூர்க்காரியிடம் சுப்ராயனின் நம்பரைக் கொடுத்தாள்.

"சிஸ்டருக்கு அடிச்சிட்டு எனக்கும் ஒண்ணு அடிம்மா. ஒடம்பு சரியில்லன்னா சரியில்லன்னே அடி. நம்ம தைரியத்த அந்த ஜுரம் பாக்காது."