துணிப் பாம்புக்கு வாசித்த தோடி

'மேடையேறும் கலைஞரிடம், அங்கே நடக்கவிருக்கும் அனைத்தையும் முன்கூட்டியே தெரிவித்து, அவருடைய சம்மதத்தைப் பெறவேண்டும்.' நான் வேலை பார்த்த கப்பல் கம்பெனியின் பம்பாய் அலுவலகத்தில் இப்படி ஒரு விதி இருந்தது. அதை எழுதியவன் நான். மீறியவனும் நான்.

ஒரு நாதஸ்வரக்காரரை, அவரிடம் சொல்லாமலே, வெளிநாட்டுப் பயணிகள் முன்னால் பாம்பாட்டியாக்கினேன். பிறகு, அவருக்காக ஒரே ஒரு வாக்கியம் பேசவேண்டிய இடத்தில் பேசாமல் இருந்தேன். இரண்டில் எது பெரிய குற்றம்? ஓய்வு பெற்று இத்தனை காலமாகியும் எனக்குத் தீர்மானமாகவில்லை. நீங்கள்தான் சொல்லவேண்டும்.

யுத்தம் முடிந்து, கப்பல்கள் மறுபடி பயணிகளை ஏற்றிக்கொண்டு வரத் தொடங்கியிருந்தன. பம்பாயில் தங்கும் ஒரு மாலைக்குள் இந்தியா முழுவதையும் பார்த்துவிட வேண்டும் என்பது அவர்களுடைய ஆசை. நியாயமான ஆசைதான்! எங்கள் கம்பெனி ஓர் ஓட்டலில் 'மகாராஜா விருந்து' நடத்தியது. வாசலில் அட்டை யானை. விருந்தாளிகள் தலையில் வாடகைத் தலைப்பாகை. கோழிக் குழம்புக்கு ஏதோ ஓர் அரசியின் பெயர். சாப்பிடும்போது நடனம், கடைசியில் பாம்பாட்டி.

அன்று காலையில் ஓட்டல்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். உயிருள்ள பாம்பைச் சாப்பாட்டுக் கூடத்துக்குள் விடமாட்டார்களாம். ஆனால் நிகழ்ச்சி அட்டையில் 'பாம்பாட்டி' என்று அச்சாகியிருந்தது. அச்சடித்ததை மாற்ற மூன்று அதிகாரிகளின் கையெழுத்து வேண்டும். மனிதனை மாற்றுவதற்கு ஒரு கையெழுத்தும் வேண்டாம்...

யோசனை சொன்னவன் நானேதான். கம்பெனியின் வெள்ளைக்காரத் துரை என் முதுகில் தட்டினார். அந்தத் தட்டல் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தாராவியில் சங்கரலிங்கம் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பகலில் தோல் பதனிடும் கொட்டடியில் வேலை. விசேஷ நாட்களில் நாதஸ்வரம். மாட்டுங்காவில் எங்கள் பஜனை சமாஜத்தின் பங்குனி உத்திர உற்சவத்துக்கு வருஷா வருஷம் அவர்தான் வாசிப்பார். அந்தச் சமாஜத்துக்குக் காரியதரிசி நான்.

"வெளிதேசத்துக்காரா நாயனம் கேக்கணும்கறா. தவில் வேண்டாம், நீங்க மட்டும் வந்தாப் போறும்" என்றேன்.

"தவிலு இல்லாம நாயனமா? தாலி இல்லாத கல்யாணம்லா சாமி அது!" என்று சிரித்தார். பிறகு, "சாமி கூப்புடுதிய. வாரேன்" என்றார்.

வந்தார். பட்டு அங்கவஸ்திரம், நெற்றி நிறைய விபூதி. மேடையில் உட்கார்ந்து சீவாளியை உதட்டில் நனைத்து, கண்ணை மூடிக்கொண்டு தோடியை எடுத்தார். வாசிக்கும்போது அவர் கண் திறந்து நான் பார்த்ததில்லை. என் யோசனையின் அஸ்திவாரமே அதுதான்!

விளக்கு மங்கியது. ஓட்டல் சிப்பந்தி பூனைபோல வந்து, அவர் முன்னால் ஒரு மூங்கில் கூடையை வைத்துவிட்டுப் போனான். திரைக்குப் பின்னாலிருந்து கறுப்பு நூலை இழுத்தார்கள். கூடையிலிருந்து துணிப் பாம்பு தலையைத் தூக்கியது. அவர் காந்தார ஸ்வரத்தில் நின்று உருகிக்கொண்டிருந்தார், பாம்பு ஆடிக்கொண்டிருந்தது. கூடமே எழுந்து நின்று கை தட்டியது. விளக்கு எரிந்தபோது கூடை இல்லை.

பயணிகளில் ஒரு கிழ அம்மாள் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பாம்பைப் பழக்குவதற்கு எத்தனை வருஷம் ஆயிற்று என்று என்னைக் கேட்டாள்.

"என்ன சொல்லுதாவ சாமி?"

"இந்த வித்தைக்கு எத்தனை வருஷம் ஆச்சுன்னு கேக்கறா."

"ஏளு வயசுல தொடங்குனது. இன்னும் படிச்சு முடியலன்னு சொல்லுங்க."

அப்படியே மொழிபெயர்த்தேன். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. "இத்தனை வருஷமும் ஒரே பாம்பா?" என்று அவள் வாய் பிளந்தாள்.

"இப்ப என்ன கேக்காவ?"

"ஒண்ணுமில்லை... ஆச்சரியப்படறா."

அவர் என்னையே சற்றுநேரம் பார்த்தார். "வேற சொல்லதுக்கு ஒண்ணும் இல்லையே சாமி?"

இல்லை என்றேன்.

அடுத்த பங்குனி உத்திரத்துக்கு முன்னால் சமாஜக் கூட்டம். எங்கள் அங்கத்தினர் நாராயணையர் அந்த ஓட்டலில் கணக்கு எழுதுகிறவர். உற்சவ ஏற்பாட்டைப் பற்றிப் பேச சங்கரலிங்கம் வாசல் ஓரமாக வந்து நின்றதும் நாராயணையர் ஆரம்பித்தார்.

"என்ன ஓய், நம்ம நாயனக்காரர் ஓட்டல்ல பாம்பாட்டி வேஷம் கட்டினாராமே! என்ன ராகம்? மகுடிக்கேத்த புன்னாகவராளியோ?"

எல்லோரும் சிரித்தார்கள். "மதுவும் மாமிசமும் பரிமாறின இடத்துல பாம்புக்கு ஊதின குழலைச் சுவாமி முன்னால எப்படி ஊதறது?" என்று இன்னொருவர் கேட்டார். சிரிப்பு நின்றது.

சங்கரலிங்கம் கோபப்படவில்லை. "சாமியும் அங்கனதான இருந்தாவ. அவியளே சொல்லட்டும்" என்றார்.

அத்தனை முகங்களும் என் பக்கம் திரும்பின. 'அவருக்குத் தெரியாது, செய்தவன் நான்.' இவ்வளவுதான் சொல்லவேண்டியிருந்தது! ஒரு மூச்சுக்குள் முடிந்திருக்கும்.

நான் குறிப்புப் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டு, "இந்த விஷயம் இன்னிக்கு நிகழ்ச்சி நிரல்ல இல்லை. ஒத்திவைக்கலாம்" என்றேன்.

முறைப்படி அது சரி. எந்தச் சபையிலும் செல்லும். ஒத்திவைத்த விஷயம் திரும்பி வராது என்பதும் எனக்குத் தெரியும். அந்த வருஷம் வேறொருவர் வாசித்தார். அடுத்த வருஷமும். சங்கரலிங்கத்தைப் பாம்புக்காரர் என்று தாராவிச் சந்துகளிலும் கூப்பிட ஆரம்பித்தார்கள். கல்யாணங்களுக்கு அழைப்பதை நிறுத்தினார்கள். ஒருநாள் அவர் குடும்பத்தோடு ஊருக்கே போகிறார் என்று கேள்விப்பட்டேன். வழியனுப்ப விக்டோரியா டெர்மினஸுக்குப் போனேனா? இல்லை. போகவேண்டும் என்று எந்த விதியும் இல்லையே!

ஓய்வு பெற்ற பிறகுதான் அவருக்கு எல்லாவற்றையும் எழுதினேன். கூடை, நூல், அந்த அம்மாளின் கேள்வி, ஒன்றையும் மறைக்கவில்லை. மன்னிப்பும் கேட்டேன். பதில் வரவில்லை. தபாலைக் குறைசொல்லிக்கொண்டு இரண்டு வருஷம் காத்திருந்தேன்.

பிறகு ஒருநாள் கதவைத் தட்டி ஒருவர் வந்தார். சங்கரலிங்கத்தின் மருமகன், தாராவியில் உறவினர் வீட்டுக்கு வந்தவர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஒங்க காயிதம் வந்துச்சு. மாமா எளுதுத ஆளு இல்ல, நேர்ல சொல்லச் சொன்னாவ. கூடை வச்சத அவிய அன்னைக்கே பாத்துட்டாவளாம். கண்ணத் தொறந்து பாத்துட்டு, திரும்ப மூடிக்கிட்டாவளாம். எடுத்த ராகத்தப் பாதியில போடக் கூடாதுல்லா. சாமி வாயால சொல்லுவாவன்னு இருந்தாவளாம். அங்கனயும் சொல்லல... கூட்டத்துலயும் சொல்லல."

நான் நாற்காலியை மறுபடி அவர் பக்கம் நகர்த்தினேன்.

"ஒண்ணு மட்டும் கேட்டுட்டு வரச் சொன்னாவ. இப்ப இத யாருக்காவச் சொல்லுதிய?"

அவர் பதிலுக்காக நின்றார். எனக்கு ஒத்திவைக்கத்தான் தெரியும்... அவர் தலையை அசைத்துப் படியிறங்கிப் போய்விட்டார்.

தெருக்கோடியில் சமாஜத்தின் ஒலிபெருக்கியில் இசைத்தட்டு நாதஸ்வரம் பாடிக்கொண்டிருந்தது. அன்று பங்குனி உத்திரம்.