வயர் இல்லாத தெர்மோஸ்டாட்

சூட்டைக் கூட்டிக் குறைக்கச் சுவரில் பூட்டியிருந்த தெர்மோஸ்டாட்டின் மூடியைக் கழற்றினேன். உள்ளே ஒரு வயர்கூட இல்லை. இது பழுதில்லை, ஏமாற்று என்று அந்த நொடியில்தான் உறைத்தது.

எண்பதுகளின் கடைசியில், ஹீட்டிங் கொம்பனியொன்றில் எனக்கு அது முதல் குளிர்காலம். சேர்விஸுக்குப் போனது குரோய்டனில் ஓர் அலுவலகம். தட்டச்சுப் பெண்கள் கோட்டோடுதான் இருந்தார்கள். மோர்டனிலிருந்து வரும் செல்வி அக்காவுக்கு விரல் விறைத்து வேகம் குறைந்துவிட்டது. இப்படியே போனால் வேலை இல்லை என்று மனேஜர் சொல்லிவிட்டாராம்.

"நான் வந்தவுடன இதைத்தான் கூட்டிவிடுறனான் தம்பி. கொஞ்சம் சூடு வாற மாதிரித்தான் கிடக்கு," என்றார் அக்கா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னைக் கூட்டிவந்த மூத்த டெக்னீஷியன் முகுந்தன் அண்ணையை லிப்டில் பிடித்துக் கேட்டேன்.

"நான்தான் பூட்டினனான். குளிருது குளிருது எண்டு ஒரே முறைப்பாடு. திருப்பிக்கொண்டிருக்க ஒண்டு குடுத்தம், வாய் அடங்கிட்டுது."

"அப்ப சூட்டை அளக்கிற உண்மையான சென்சர்?"

"மனேஜற்ற அறையில. அங்க சூடு காணுமெண்டா முழுக் கட்டடத்துக்கும் சூடு குடுக்கிற பொயிலர் நிண்டிடும்."

"அவர் தனி ஹீட்டரெல்லோ வச்சிருக்கிறார்?"

"ஓம். அதாலதான் பொயிலர் கெதியா நிக்குது," என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சென்சர் எப்படி வேலை செய்யும் என்று கல்லூரியில் பக்கம் பக்கமாகப் படித்தேன். அதை யாருடைய அறையில் வைப்பது என்று ஒருவரும் கற்பிக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் அங்கே சேர்விஸ் இருந்தது. மனேஜரின் அறையில் இருக்கும் சென்சரைக் கழற்றி, செல்வி அக்காவின் மேசைக்கு மேலே பூட்டுவது என்று முடிவெடுத்தேன். அந்த விரல்களுக்குச் சூடு காணும்வரை பொயிலர் நிற்காது.