மனசு பார்த்த நிழற்குடை

டிப்ளமோ முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை பாண்டிச்சேரியில் ஒரு ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில். எலக்ட்ரானிக்ஸ் படித்த பெண்ணுக்குக் கட்டடம் கட்டுகிறவரிடம் என்ன வேலை என்று கிளியனூரில் அப்பா கேட்டார். எனக்கும் தெரியவில்லை. சேர்ந்த அன்று சார் சொன்னார்: "நீ சுவத்துக்குக் காது வைக்கப் போறம்மா."

அவர் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. சுனாமி வந்து போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கடற்கரை ஊர்களுக்கு ஏதாவது கட்டிக்கொடுக்கப் பலரும் வந்துகொண்டிருந்தார்கள். அப்படி வந்த ஒரு அறக்கட்டளைக்காக, மரக்காணம் உப்பளத்தை ஒட்டி ஈ.சி.ஆர். ரோட்டோரத்தில் ஒரு பஸ் நிழற்குடை கட்டும் வேலை சாருக்கு வந்தது. அவர் தன்னுடைய நெடுநாள் ஆசையை அதில் வைத்தார். உள்ளே வந்து உட்காருகிறவர்களின் மனசுக்கு ஏற்றபடி கட்டடம் மாற வேண்டும். கோபமாக இருந்தால் தணிக்க வேண்டும், சோர்ந்திருந்தால் தேற்ற வேண்டும்.

வளைந்த பெஞ்சு, ஓட்டுக்கூரை, கூரைக்கடியில் வரிசையாகச் சின்ன விளக்குகள். விளக்குகளுக்கு நடுவே மைக், பெஞ்சுப் பலகைக்கு அடியில் ஸ்விட்ச். குரல் உயர்ந்தால் வெளிச்சம் மங்கி நீலமாகும். சிரிப்புச் சத்தம் விட்டு விட்டு வந்தால் விளக்குகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடும். ஒருவர் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தால், அவர் தலைக்கு மேலே மட்டும் மெல்ல மஞ்சள் வெளிச்சம் ஏறும். சார் வரைபடத்தில் அதற்குப் பக்கத்தில் 'துக்கம்' என்று எழுதியிருந்தார். சர்க்கியூட் போட்ட எனக்கு மட்டும், அதற்குத் தெரிந்ததெல்லாம் சத்தம் இருக்கிறதா, பெஞ்சில் ஆள் இருக்கிறதா என்பதுதான் என்று தெரியும்.

அடுத்த தை மாதம் திறந்தோம். மாலையில் உப்பளத்து வேலை விட்டு வரும் பெண்கள்தான் அங்கே அதிகம் உட்கார்ந்தார்கள். உப்புப் பாத்திகளில் ஒருவருக்கொருவர் தூரத்திலிருந்து கூப்பிட்டுப் பேசிப் பழகியவர்கள். அவர்கள் சாதாரணமாகப் பேசினாலே கூரை நீலமாகிவிடும்.

"இன்னாம்மா இது, நாங்க வாயைத் தொறந்தா கரண்டு கம்மியாவுது?" என்று ஒரு அக்கா கேட்டாள்.

"நீங்க சண்டை போடறீங்கன்னு நெனச்சிக்கிதுக்கா."

"சண்டையா? நாங்க சண்டை போட்டா இந்த ஓடே நிக்காது." எல்லோரும் சிரித்தார்கள். விளக்குகள் ஓடின. அதைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள். பழுது பார்க்கிற சாக்கில் நானும் அந்த நேரத்துக்குப் போய் உட்கார ஆரம்பித்தேன். அவர்கள் போகும் பஸ்ஸிலேயே நானும் பாண்டி திரும்பிவிடலாம்.

அவர்களில் அனுமந்தை என்ற மீனவ ஊர்க்காரி ஒருத்தி, பெஞ்சின் கடைசியில் உட்காருவாள். சுனாமியில் கடலோடு போன கணவனின் உடல்கூடக் கிடைக்கவில்லை என்று மற்றவர்கள் சொன்னார்கள். முன்பு கூனிமேடு வரை மீன்கூடை சுமந்து விற்றவள், அதன்பிறகு கரைப்பக்கமே போகாமல் உப்பளத்துக்கு வர ஆரம்பித்திருந்தாள்.

மாசியில் ஒரு நாள் பஸ் வரத் தாமதமானது. இருட்ட ஆரம்பித்தது. மற்றவர்களோடு நானும் எதிரே இருந்த டீக்கடைக்குப் போயிருக்க, அவள் மட்டும் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். அவள் தலைக்கு மேலே மஞ்சள் வெளிச்சம் ஏறியது. கூரையின் மற்ற பகுதி மங்கியது. ரோட்டில் போன சைக்கிள்காரர் நின்று பார்த்தார். டீக்கடையில் யாரோ, "பாருய்யா, ஊட்டுக்காரனைப் பறிகொடுத்தவள்னு அந்த லைட்டுக்கே தெரியுது" என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லை. இரக்கப்பட்டுத்தான் சொன்னார்.

அவள் கண்ணைத் திறந்தாள். எல்லோரும் தன்னைப் பார்ப்பதைப் பார்த்தாள். நகர்ந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் அங்கேயும் ஏறியது. எழுந்து போய் வெளியே புளியமரத்தடியில் நின்றுகொண்டாள்.

அதன்பிறகு அவள் உள்ளே வரவில்லை. அவளைத் தனியாக நிற்க விட மனமில்லாமல் மற்றவர்களும் மரத்தடிக்குப் போய்விட்டார்கள். நிழற்குடை காலியாகக் கிடந்தது.

சாரிடம் சொன்னேன். அவர் மறுநாளே என்னோடு வந்தார். பெஞ்சில் தனியாக உட்கார்ந்தார். அவர் தலைக்கு மேலேயும் வெளிச்சம் ஏறியது. ரோட்டில் போகிறவர்கள் அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள். எழுந்து வந்து, "அவங்களைக் கேட்டுட்டு வாம்மா, என்ன பண்ணலாம்னு" என்றார்.

மரத்தடிக்குப் போனேன். "அக்கா, அந்த லைட்டு உங்களுக்குக் கஷ்டமா போச்சா?"

"லைட்டு நல்லாத்தான் இருந்துது. எல்லாரும் ஒரு மாதிரி பாக்கறாங்களே." காலை மாற்றி வைத்துக்கொண்டு அவளே சொன்னாள்: "நான் அவரை நெனச்சிக்கினு உக்காரல. காலு எரியும்மா. நாளெல்லாம் உப்புத் தண்ணில நிக்கிற காலு. அதான் கண்ணை மூடிக்கினு இருந்தேன்."

குனிந்து பார்த்தேன். கால் விரல்களின் இடுக்கில் தோல் வெடித்திருந்தது. பக்கத்தில் நின்றவர்களின் கால்களும் அப்படித்தான் இருந்தன. அத்தனை நாள் அவர்களோடு உட்கார்ந்தும் நான் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்ல தண்ணி இருந்தா கழுவிக்கலாம்" என்றாள் முதலில் என்னிடம் கரண்டைப் பற்றிக் கேட்ட அக்கா.

சாரிடம் வந்து சொன்னேன். அன்றிரவு அவர் வரைபடத்தை எடுத்து வைத்து, பெஞ்சுக்கு முன்னால் ஒரு ஆழமில்லாத வாய்க்கால் வரைந்தார். ஊராட்சியில் பேசி நல்ல தண்ணீர்க் குழாய் இழுக்க அனுமதி வாங்கினார். பெஞ்சு ஸ்விட்சுகளை மஞ்சள் விளக்கிலிருந்து கழற்றி, சின்ன மோட்டாரோடு நான் இணைத்தேன். உட்கார்ந்தால் காலடியில் தண்ணீர் ஓடும். எழுந்தால் நிற்கும். நீல விளக்கையும் கழற்றப் போனபோது பெண்கள் தடுத்துவிட்டார்கள். "அது இருக்கட்டும், பொழுது போவுது."

பங்குனியில் அவர்கள் திரும்ப உள்ளே வந்தார்கள். அனுமந்தைக்காரி கடைசியாக வந்து, புடவையைச் சற்றே தூக்கிக்கொண்டு தண்ணீரில் கால் வைத்தாள். "ஸ்ஸ்..." என்றாள். பிறகு தூண் மேல் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. மற்றவர்கள் பேச்சில் கூரை நீலமாகிக் கிடந்தது.

அறக்கட்டளைக்காரர்கள் பார்க்க வந்தபோது, நிழற்குடை துக்கத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று கேட்டார்கள். "கண்டுபிடிக்கலைங்க. தப்பாப் புரிஞ்சிக்கிச்சு, எடுத்துட்டோம்" என்றார் சார். அவர்கள் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. அன்று மதியம் சார் சரியாகச் சாப்பிடவில்லை. அவருக்கு அது சின்ன இழப்பு இல்லை.

ஐப்பசி மழையில் உப்பளத்து வேலை நின்றது. பெண்கள் வருவதும் நின்றது. ஒரு நாள் பாண்டி பஸ் ஸ்டாண்டில் யாரோ, "ஏ பொண்ணே" என்று கூப்பிட்டார்கள். திரும்பினால் அனுமந்தைக்காரி. மகளை நர்ஸ் படிப்பில் சேர்த்து, ஹாஸ்டலில் விட்டுவிட்டு வருவதாகச் சொன்னாள்.

"எப்டி இருக்கீங்கக்கா?"

"இருக்கேன். உக்காரு, பஸ்ஸு வர நேரமாவும்."

நகர்ந்து இடம் கொடுத்தாள். மடியிலிருந்த வேர்க்கடலைப் பொட்டலத்தை எங்கள் இருவருக்கும் நடுவே பிரித்து வைத்தாள். சுற்றிலும் பஸ் ஹாரனும் கண்டக்டர்களின் கூவலுமாக இருந்தது. நாங்கள் எதுவும் பேசாமல் கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தோம். அவள் சந்தோஷமாக இருக்கிறாளா, மகளை விட்டுவந்த வருத்தத்தில் இருக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.