கடைசி வளைவுப் பாட்டு

ராட்டினம் வடிவமைத்துப் பிழைக்கும் சக பாவிகளே, ஏறினவர்களை அலற வைப்பது சுலபம், முதலாளியைத் தலையாட்ட வைப்பதுதான் பெரும்பாடு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. திண்டிவனம் பக்கம் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் என்னைக் 'கூத்து ரயில்' செய்யச் சொன்னார்கள். இருட்டுக் குகைக்குள் சின்னப் பெட்டிகள் ஓடும். வளைவுக்கு வளைவு வேஷம் கட்டிய பொம்மைகள், பாட்டோடு.

ஒரே தடவை

விழுப்புரத்தில் பாட்டுப் பதிவு. நான் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள், கூத்து பார்த்ததே இல்லை. போர்க்களத்தில் அடிபட்ட ராஜா பெண்டாட்டியிடம் விடைபெறும் பாட்டைக் கூத்துக்காரர் தணிகாசலம் அண்ணன் முணுமுணுத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. கடைசி வளைவுக்கு இதுதான் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பாடினார். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு டேக் கேட்டேன்.

"ஒரு வாட்டிதான் மேடம். வர்ற புதன்கிழமை ஆஸ்பத்திரில தொண்டையவே எடுத்துடப் போறாங்க."

வெள்ளோட்டம்

ஆளை உட்கார வைத்து ஓட்டிப் பார்த்த முதல் நாள். கடைசி வளைவில் பாட்டு தொடங்கியதுதான் தாமதம், ஃபிட்டர் முருகன் பெட்டியிலிருந்து குதித்துவிட்டார். பாட்டைத் தேர்ந்தெடுக்கும் முன் யாரையும் ஒரு வார்த்தை கேட்காதது என் மடத்தனம்.

"இது சாவு வூட்டுல காரியத்துக்குப் பாடறது மேடம். டிக்கெட் வாங்கிக்கினு எவனாவது கருமாதிக்கு வருவானா?"

தீர்ப்பு

ஆஸ்பத்திரிக்குப் போன அண்ணன் உயிரோடு திரும்பவில்லை. அவர் குரல் முழுசாக மிஞ்சியிருப்பது நம் குகையில்தான், அந்தப் பாட்டை எடுத்துவிட வேண்டாம் என்று முதலாளியிடம் கெஞ்சினேன். வெட்கத்தை விட்டு அழவும் செய்தேன். அவரோ திறப்பு விழாவுக்குள் கல்யாணப் பாட்டு ஒன்றைப் போடச் சொன்னார்.

"அழுகாச்சியெல்லாம் வேணாம்மா. எறங்கனதும் ஜனங்களுக்கு பஜ்ஜி சாப்புடத் தோணணும்."

ஒரே பயணி

பாட்டை மாற்றுவதற்கு முதல் நாள், அண்ணனின் மனைவி காசியம்மாள் பூங்கா வாசலில் வந்து நின்றார். அன்று அண்ணனுக்குப் பதினாறாம் நாள். ஊரில் எல்லாருடைய காரியத்துக்கும் அந்த ராஜா வேஷம் கட்டியவர் அவர்தான். அவருடைய கூத்து ஜமாவில் அதற்கு வேறு ஆளில்லை. பாட்டைப் பென்டிரைவில் போட்டுத் தருகிறேன் என்றேன். பாட்டு மட்டும் போதாது, குகையில் நிற்கும் ராஜா வேஷமும் வேண்டும் என்றார்.

முருகன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மோட்டாரைப் போட்டார். காசியம்மாள் முன்பெட்டியில் தனியாக உட்கார்ந்து போனார். குகைக்குள்ளிருந்து அண்ணன் குரல் வந்தது, தன் காரியத்துக்குத் தானே பாடிக்கொண்டு. நான் வெளியே நின்று கேட்டேன். பெட்டி வந்து நின்றதும் பெல்ட்டைக் கழற்ற முருகன் குனிந்தார். அந்த அம்மாள் அவர் கையைத் தடுத்தார்.

"கழட்டாத தம்பி. இன்னொரு சுத்து வுடு."

கல்யாணப் பாட்டு ஓடத் தொடங்கி நாலு மாதமாகிறது. முதலாளி சொன்னது அப்படியே பலித்து, இறங்குகிறவர்கள் எல்லோரும் நேராகப் பஜ்ஜிக் கடைக்குத்தான் போகிறார்கள்.