கறுப்புப் பட்டை போட்ட நூறு கார்டு

1955-ஆம் ஆண்டு ஜூலை 11, திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி ஐந்து நிமிடம். கச்சான் காற்று தெருப்புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. மழை பெய்து எழுபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, ராமநாதபுரத்தில் ஓர் அச்சாபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கையில், ஏழு தடவை திருத்தி எழுதிய ஒரு நோட்டீஸ்.

நோட்டீஸ் என் தங்கை வீட்டுக்காரருக்காக. மாப்பிள்ளை பதினெட்டு வருடம் சங்கு குளித்தவர். போன பருவத்தில் கடலுக்கடியில் இடது காதுச் சவ்வு கிழிந்து, ரத்தத்தோடு வள்ளத்தில் ஏறினார். கிணற்றுத் தண்ணீர் ஆழத்துக்குப் போகலாம், கடல் ஆழத்துக்குப் போனால் மிச்சமிருக்கிற காதும் போகும், உயிரும் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்கு வேறு தொழில் தெரியாது. நவம்பரில் வள்ளக்காரர்கள் ஆள் கூப்பிட வருவார்கள். கையில் வேலை இல்லாவிட்டால் அவர் போய்விடுவார். தங்கை தினம் மூன்று வேளை என்னிடம் வந்து அழுதாள். கிணற்றில் விழுந்த சாமான்களை மூழ்கி எடுக்கும் தொழிலை அவருக்குக் கண்டுபிடித்துக் கொடுத்தது நான்தான்.

எங்கள் தேவிபட்டினத்தில் மணலில் ஆறு முழம் தோண்டினால் தண்ணீர். குடம் விழுந்தால் வீட்டுக்காரியே இறங்கி எடுத்துக்கொள்வாள். ஆழக் கிணறெல்லாம் கமுதிப் பக்கம். அங்கே போய் நோட்டீஸ் கொடுக்க பஸ் கட்டணம் கட்டுபடியாகாது. அதனால் நோட்டீஸைத் தபால் கார்டிலேயே அடித்து அனுப்பிவிடுவது என்று தீர்மானித்தேன். சொந்தக்காரர்களும் சொந்தக்காரர்களுக்குத் தெரிந்தவர்களுமாக நூறு விலாசம் சேர்த்தேன்.

நோட்டீஸ் இதுதான். மேலே பெரிய எழுத்தில் மாப்பிள்ளையின் பெயர். அதன் கீழ்: “கிணற்றில் விழுந்த குடம், வாளி, சால், நகை எதுவானாலும் மூழ்கி எடுத்துக் கொடுக்கப்படும். கடலில் பதினெட்டு வருட அனுபவம். பொருள் கிடைக்காவிட்டால் கூலி இல்லை.” பெயரும் விலாசமும் நீங்கலாகப் பதினெட்டு வார்த்தை. இதில் ஒரு வார்த்தையை எடுக்க முடியுமா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். முடியாது.

சுற்றிலும் ஒரு பார்டர் இருந்தால் பார்வையாக இருக்கும் என்றேன். அச்சாபீஸ்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

“பூ பார்டர் அம்புட்டும் கல்யாணப் பத்திரிகையில மாட்டிக்கிட்டுக் கெடக்கு, வாத்தியாரய்யா. ஆனி கடைசி முகூர்த்தம். வெள்ளிக்கிழமைதான் அவுப்பேன்.”

“அங்கன தொங்குதே, அந்தக் கறுப்புப் பட்டை?”

“அது கருமாதிக் கார்டுக்குப் போடுறது.”

பூ பார்டர் என்றால் அறுபத்து நாலு துண்டு கோக்க வேண்டும். எழுத்துக்கான இடத்தையும் தின்னும். கறுப்புப் பட்டை நாலே துண்டு. வெள்ளிக்கிழமை மறுபடி வர இன்னொரு அரை நாள் விடுப்பு. “எழுத்தப் படிப்பாகளா, கோட்டப் படிப்பாகளா? போடுங்க” என்றேன்.

“எனக்கென்ன, போட்டுர்றேன். பெறகு வந்து என்னைய ஏசக் கூடாது.”

அன்று சாயங்காலம் கார்டுகளைப் பார்த்த தங்கை முகம் சுளித்தாள். “அண்ணே, மூலையில மஞ்சளாச்சும் தடவி அனுப்புங்க.”

நூறு கார்டு, நாலு மூலை, நானூறு தடவை மஞ்சள். ஈரத்தில் எழுத்து கலையும். “இது தொழில் நோட்டீஸ், கல்யாணம் இல்ல” என்று சொல்லி அப்படியே தபாலில் சேர்த்தேன்.

ஆறாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, ஆடி முதல் தேதி. காலை பத்தரை மணிக்கு இரண்டு மாட்டு வண்டி தெருமுனையில் நின்றது. அங்கேயே ஒப்பாரி தொடங்கிவிட்டது. கமுதிக்குப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்ட மாப்பிள்ளையின் அக்கா தலைவிரி கோலமாக முன்னால் வந்தாள். பின்னால் அவள் வீட்டுக்காரரும் பதினைந்து பேரும். மொத்தம் பதினேழு.

மாப்பிள்ளை என் வீட்டு வாசலில் உட்கார்ந்து கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். காது மந்தம், அழுகிறார்கள் என்பது மட்டும் புரிந்தது. யாரோ போய்விட்டார்கள் என்று எழுந்து ஓடி, அக்காவைக் கட்டிக்கொண்டு அவரும் கதறினார். அக்காள் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்தபடி, தம்பி கடலில் எடுத்த சங்கையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி அவர் தோளிலேயே அழுதாள். ஐந்து நிமிடம் இருக்கும். பிறகுதான் மாப்பிள்ளை கேட்டார்.

“யாருக்கா போனது?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “ஏலே! நீ சாகலையா?”

“இல்லையேக்கா.”

“பெறகு எதுக்குடா கார்டு போட்டீக?”

நான் முன்னால் வந்து, கார்டில் பதினெட்டு வார்த்தை இருந்ததே, படிக்கவில்லையா என்று கேட்டேன்.

“கறுப்புப் பட்டையப் பாத்த பெறகு எவளாச்சும் படிச்சுக்கிட்டு நிப்பாளா? தபால்காரரு வீட்டுக்குள்ள வராம தெருவுல நின்னே பேரச் சொன்னாரு. கிழிச்சுப் போட்டுட்டுத் தல முழுகிட்டு வண்டி கட்டுனோம். நீங்கள்லாம் வாத்தியாரு!”

அவள் வீட்டுக்காரர் மீசையைத் தடவிக்கொண்டார். “வந்தது துட்டிக்கு. குளிக்காமத் திரும்ப முடியாது” என்றார். பதினேழு பேரும் என் கிணற்றில் குளித்தார்கள். தலைக்கு ஐந்து வாளி. தண்ணீர் கணுக்கால் அளவுக்கு இறங்கியது. “துட்டி இல்லேன்னு ஆயிப்போச்சு. அப்ப இது விருந்துதான்” என்றார் அடுத்தபடியாக. அடுப்பு மூட்டினோம். பிணத்துக்குப் போர்த்தக் கொண்டுவந்த கோடித் துணியைத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது என்று ஒரு கிழவர் பிடிவாதம் பிடித்தார். மாப்பிள்ளையே அதை உடுத்திக்கொண்டு பந்தியில் உட்கார்ந்தார். நல்ல துணி.

சாப்பாடு முடிந்ததும் மீசைக்காரர் கேட்டார். “அப்படி என்னதான் எழுதியிருந்தீக?”

மாதிரிக்கென்று வெறும் அட்டையில் அடித்து வாங்கியிருந்த கார்டை வாசித்துக் காட்டினேன். பட்டை தெரியாமல் விரலால் மறைத்துக்கொண்டேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“எங்க ஊருப் பொதுக்கெணத்துல மாடு கட்டி எறைக்கிற கவலைச் சால் விழுந்து ரெண்டு வருசமாச்சு. ஒருத்தன் விழுந்து செத்த கெணறு, எறங்க ஒரு பய துணிய மாட்டேங்கான். இவன் செத்து, அழுது, குளிச்சும் முடிச்சாச்சு. இவன இனிமே கெணறு என்ன செய்யும்? மாப்ள, ஏறுடா வண்டியில!”

மாப்பிள்ளை கோடித் துணியோடே வண்டியில் ஏறினார்.

அதோடு முடிந்ததா? மிச்சக் கார்டுகளும் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன. செவ்வாய்க்கிழமை முதுகுளத்தூரிலிருந்து ஒன்பது பேர், புதன்கிழமை ஆறு பேர், வெள்ளிக்கிழமை பதினோரு பேர். தங்கை பூவும் பொட்டுமாக வாசலில் நின்று, அவர் நன்றாக இருக்கிறார் என்று சத்தியம் பண்ணினாள்.

“அப்ப ஆளக் காட்டு தாயி.”

“இங்கன இல்ல. கமுதிப் பக்கம் கெணத்துக்குள்ள எறங்கியிருக்காரு.”

“எப்ப எறங்குனாரு?”

“ஞாயித்துக்கெழம போனவருதான்.”

ஒப்பாரி முன்னைக்கு இரண்டு மடங்கானது. புருஷன் கிணற்றில் விழுந்ததில் புத்தி பேதலித்துவிட்டது என்று தங்கையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நான் கார்டை எடுத்து வந்தேன். பட்டையைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒவ்வொரு கூட்டமும் குளித்தது. கிணற்றில் ஊற்று போதாமல் அடுத்த தெருவிலிருந்து தண்ணீர் சுமக்க ஆள் வைத்தேன்.

போன பத்தொன்பதாம் நாள் மாப்பிள்ளை திரும்பி வந்தார். பதினோரு கிணறு முடித்திருந்தார். சால், வாளி, குடம் என்று முப்பத்தெட்டு உருப்படி எடுத்திருந்தார். “மச்சான், எல்லா ஊர்லயும் என்னையத் தொட்டுப் பாக்காக!” என்று கத்தினார். காது மந்தமானதிலிருந்து அவருக்கு மெதுவாகப் பேச வராது. இன்னும் எட்டு ஊரில் தேதி கேட்டிருந்தார்கள்; இரண்டே நாள் தங்கிவிட்டுப் போனார்.

நவம்பரில் வள்ளக்காரர்கள் ஆள் கூப்பிட வந்தபோது அவர் முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு கிணற்றுக்குள் இருந்தார். தங்கை அவர்களுக்கு மோர் கொடுத்து, சிரித்துக்கொண்டே அனுப்பிவைத்தாள். அப்புறம் அவர் கடலுக்குப் போகவே இல்லை.

வள்ளக்காரர்கள் வந்துபோன அன்று ராத்திரி கணக்கெடுத்தேன். அச்சுக்கூலி, நூறு கார்டு, துட்டிக்கு வந்த நாற்பத்து மூன்று பேருக்கும் சாப்பாடு, வண்டி மாடுகளுக்கு வைக்கோல், தண்ணீர் சுமந்த ஆளுக்குக் கூலி, அறுந்துபோன வாளிக்கயிறு இரண்டு. எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு நாற்பத்தெட்டு ரூபாய் பதினொன்றேகால் அணா.